வயிறு அறியாமல் குறைப்பது

மக்காவில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஜர் அல் ஹைதமியிடம் (1504–1567) ஒரு மார்க்கத் தீர்ப்புக் கேட்கப்பட்டது. ஒருவர் அபின் தின்னும் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டார். இப்போது அதை நிறுத்தினால் உயிர் போய்விடும் என்ற நிலை. அவர் என்ன செய்வது?

இமாம் அவர்களின் பதிலில் இரண்டு பகுதிகள் உண்டு. நிறுத்தினால் அழிந்துபோவார் என்பது திட்டமாகத் தெரிந்தால் அதை உண்பது அவருக்கு ஆகும். ஆகும் என்பது மட்டுமல்ல, உயிரைக் காக்க வேண்டியிருப்பதால் அது கடமையும் ஆகிவிடும், பசியால் சாகக் கிடப்பவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுவதைப் போல. இது முதற் பகுதி. இரண்டாவது, அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருவதும் கடமை. வயிற்றுக்கு அதன்மீது விழுந்துவிட்ட பிடிப்பு, வயிறே உணராதபடி, விட்டுப்போகும் வரை குறைக்க வேண்டும். குறைக்காமல் விட்டுவிடுவதே குற்றம்.

இந்தத் தீர்ப்பு ஷாபிஈ மத்ஹபுக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. திமிஷ்கைச் சேர்ந்த ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன் (1784–1836) தமது ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் இதை எடுத்துப் பதிந்திருக்கிறார். இப்னு ஹஜரின் ‘துஹ்பதுல் முஹ்தாஜ்’ என்ற பெயரை அறியாத ஆலிம் நமது நாட்டில் இருக்கமாட்டார். ஆனால் அபின் பற்றிய இந்தத் தீர்ப்பை மிம்பரில் யாரும் சொல்ல நான் கேட்டதில்லை. போதைப்பொருள் ஹராம் என்பதை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறேன். அது சரியான பேச்சுத்தான். அந்தப் பேச்சைக் கேட்டபடி சப்பில் உட்கார்ந்திருப்பவர்களில், முதுகு நோவுக்காக நாலைந்து வருடமாக டொக்டர் எழுதித் தந்த குளிசையை விழுங்கி, இப்போது விடமுடியாமல் தவிப்பவரும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு அந்தப் பேச்சில் ஒரு வரியும் இல்லை. இக்கட்டுரை அவரை மனதில் வைத்து எழுதப்படுகிறது.

அபின் என்ற சொல்லே அரபு ‘அப்யூன்’ வழியாகத் தமிழுக்கு வந்தது. அரபுக்கு அதைக் கொடுத்தது கிரேக்கம். அந்தச் செடியின் அரபு, பாரசீகப் பெயரான ‘கஷ்காஷ்’ தமிழில் கசகசா ஆயிற்று. (நமது நாட்டில் நோன்பு காலத்து சர்பத்தில் மிதக்கிற கசகசா துளசி இனச் செடியொன்றின் விதை. அதற்கும் அபினுக்கும் தொடர்பில்லை. இந்தியாவில் கறிக்கு அரைக்கும் கசகசாதான் அபின் செடியின் விதை. ஊரிலிருந்து அதைப் பொதியில் கட்டிக்கொண்டு வளைகுடா விமான நிலையங்களில் இறங்கிய இந்தியத் தொழிலாளர் சிலர் சிறைக்குப் போன கதை உண்டு.) சொல்லோடு மருத்துவ அறிவும் வந்தது. இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல் கானூன்’ நூலில், மரக்கச்செய்து நோவைப் போக்கும் மருந்துகளில் அபினை மிகவும் வலியதாகச் சொல்கிறார். அத்துடன், இவ்வகை மருந்து நோவின் காரணத்தைத் தீர்ப்பதில்லை, உணர்வை மழுங்கச் செய்கிறது, ஆகவே நோவு தாங்கமுடியாதபோதுதான் எடுக்கவேண்டும் என்றும் எச்சரிக்கிறார். அவருடைய கடைசி நோயின்போது வேலைக்காரரில் ஒருவன் அவரது மருந்தில் அபினை அளவுக்கு மீறிக் கலந்துவிட்டதாக மாணவர் ஜூஸ்ஜானி எழுதிவைத்த வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

ஆனால் நான் அதிகம் நினைப்பது இப்னு ஸீனாவைப் பற்றியல்ல. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகள் பின்வந்த, நம்மிடையே பேர் தெரியாத ஒரு ஹகீமைப் பற்றி. இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி என்பவர் ஸபவி ஆட்சிக் காலத்துப் பாரசீக வைத்தியர். இப்னு ஹஜரின் சமகாலத்தவர். ஷிர்வான் பகுதியின் ஆளுநரிடம் சேவை செய்தபோது அவருடைய கோபத்துக்கு ஆளாகி, ஓர் இரவு முழுவதும் பனியில் நிற்கவைக்கப்பட்டார். அந்த இரவைத் தாண்ட அவருக்குக் கைகொடுத்தது அபின். உயிர் மிஞ்சியது, கைநடுக்கம் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிட்டது, அபினும் தங்கிவிட்டது. பின்னர் மஷ்ஹத் நகரில் பணியாற்றிய அவர் ‘அப்யூனிய்யா’ என்ற நூலை எழுதினார். அபினுக்கென்றே தனியாக எழுதப்பட்ட முதல் மருத்துவ நூல் அதுதான் என்று மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அபினின் குணம், பழகியவர் உடலில் அது செய்யும் வேலை, அளவைக் குறைக்கும் வழிகள், பதிலாகக் கொடுக்கத்தக்க மருந்துகள் என்று அது விரிகிறது.

அதில் ஒரு பகுதி ரமழானைப் பற்றியது. அபினுக்குப் பழகியவர் பகல் முழுவதும் அதை எடுக்காமல் நோன்பிருக்க முடியாது, உடம்பு கேட்கும். அதற்காக ஸஹரில் விழுங்கினால் மெல்லமெல்லக் கரைந்து பகலைக் கடத்தக்கூடிய கூட்டுமருந்துகளை அவர் சொல்லிக் கொடுக்கிறார். இன்றைக்கு மருந்துக் கம்பனிகள் பன்னிரண்டு மணித்தியாலக் குளிசை என்று விற்கிறார்களே, அந்தக் காரியத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு முஸ்லிம் ஹகீம் நோன்பாளிக்காகச் செய்து பார்த்திருக்கிறார். நாம் பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழக்கத்துக்கு ஆளானவரை அவர் கேவலமாக நினைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். எப்படி நினைப்பார்? தானும் அவர்களில் ஒருவர்.

முகலாய அரண்மனையிலிருந்து இன்னொரு சாட்சி. பாதுஷா ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்புகளில் சொந்தக் குடியைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறார். ஒருநாளைக்கு இருபது கிண்ணம் வரை போய், கை நடுங்கிக் கிண்ணத்தைப் பிடிக்க முடியாமல் மற்றவர்கள் பருக்கிவிடும் நிலைக்கு வந்தபோது, ஹகீம் ஹுமாம் அவரிடம் இன்னும் ஆறு மாதம் இப்படிப் போனால் மருந்தில்லை என்று சொல்லிவிட்டார். அரசனிடம் அப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். ஜஹாங்கீர் ஒரேயடியாக விடவில்லை. கலந்து குறைத்து, ஏழு வருடத்தில் ஆறு கிண்ணத்துக்கு வந்தார். அதற்குக் கீழே இறங்கவில்லை. பதினைந்து வருடமாக அதே ஆறில் நிற்பதாக எழுதுகிறார். குடி இறங்க இறங்க ‘பலூனியா’ என்ற அபின் லேகியம் ஏறியது என்பதையும் அவரே சொல்கிறார். ஒன்றைக் குறைக்கும்போது இன்னொன்று அந்த இடத்தில் வந்து உட்காருவதை இன்றைய வைத்தியர்களும் காண்கிறார்கள். மாத்திரையைக் குறைத்தவர் சாராயத்துக்குப் போவதுண்டு.

அதே ஜஹாங்கீரின் சபையில் இனாயத் கான் என்றொருவர். அபினும் மதுவும் தின்று தீர்த்த உடம்போடு 1618 இல் பாதுஷாவின் முன்னால் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். எலும்பின்மேல் தோல் போர்த்தியதுபோல் இருந்த அவரைப் பார்த்து வியந்த பாதுஷா, ஓவியர்களை அழைத்து வரையச் சொன்னார். அவருக்கு இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தார். அடுத்த நாள் அவர் மௌத்தாகிவிட்டார். ஓவியங்களில் ஒன்று ஒக்ஸ்போர்டிலும் மற்றொன்று பொஸ்டனிலும் இருக்கின்றன. கலை வரலாற்றில் அவை பேர்போனவை. எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிப்பதில்லை. தன்னளவில் ஏழு வருடம் எடுத்துக் குறைத்த மனிதன், அடுத்தவனை வரைந்து வைத்துக்கொண்டான்.

நமது நாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் அபின் ஒளிவு மறைவான பொருளல்ல. இந்தியாவிலிருந்து வந்து, அனுமதிபெற்ற கடைகளில் விற்கப்பட்டு, அரசுக்கு வருமானம் தந்தது. இங்கே அதைப் புகைத்தவர்களைவிட உருண்டையாகத் தின்றவர்களே அதிகம். நாட்டு வைத்தியத்தில் கழிச்சலுக்கும் இருமலுக்கும் நோவுக்கும் அது மருந்து. சிங்களப் பகுதியில் வெதராளையும் யாழ்ப்பாணத்தில் பரியாரியாரும் நம்மவரிடையே ஹகீமும் அதைக் கையாண்டார்கள். மதுவிலக்கு இயக்கம் வளர்ந்துவந்த காலத்தில் அபினுக்கு எதிரான குரலும் வலுத்து, 1907 இல் ஆளுநர் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். அதன் அறிக்கை அடுத்த வருடம் வெளியாயிற்று. அதன் பயனாக வந்தது 1910 ஆம் ஆண்டின் அபின் கட்டளைச் சட்டம். கடைகள் மூடப்பட்டன. இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்குப் போயின. ஏற்கனவே பழகிய வயது வந்தவர்கள் பெயரைப் பதிந்து தமக்குரிய அளவைப் பெறலாம். நாட்டு வைத்தியர்களும் பதிந்து மருந்துக்கென்று பெறலாம்.

அக்காலத்துக்கு இது மோசமான ஏற்பாடல்ல. ஜப்பானியர் தாய்வானில் 1897 முதல் இதைத்தான் செய்தார்கள்; 1900 இல் அங்கே 169,064 பேர் பதிவில் இருந்தார்கள். பிலிப்பைன்சில் அமெரிக்கர் 1905 இல் சட்டம் போட்டு, மூன்று வருட அவகாசம் கொடுத்து, 1908 மார்ச்சில் முற்றாகத் தடைசெய்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் இலங்கைச் சட்டம் பழகியவரைத் தெருவில் தள்ளவில்லை. ஆனால் அது செய்யாத ஒன்று உண்டு. தின்பவர்களை அது ஒரே கூட்டமாகவே கண்டது. பொழுதுபோக்குக்காகத் தொடங்கியவர் யார், வாதநோவுக்காகத் தொடங்கியவர் யார் என்பது அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரது அளவையும் இறக்கிவிட ஒரு வைத்தியரை அவர் பக்கத்தில் உட்காரவைக்கவுமில்லை. புதியவர் சேராமல், பழையவர் ஒவ்வொருவராக மௌத்தாகி, பதிவேடு தானாகக் காலியாகும் என்பதே அதன் கணக்கு. இப்னு ஹஜர் சொன்ன முதற் பகுதியை வெள்ளைக்காரன் அறியாமலே நிறைவேற்றினான். இரண்டாவது பகுதி விடுபட்டுப்போயிற்று. பின்னர் 1929 இன் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1984 இன் திருத்தம் கடத்தலுக்கு மரண தண்டனையைச் சேர்த்தது. சட்டம் கடுமையாகிக்கொண்டே வந்ததில் எனக்கு முறைப்பாடில்லை. நோவாளியைப் பற்றி மட்டும் அது வாய் திறக்கவில்லை.

இங்கிலாந்தில் 1926 இல் ரொல்ஸ்டன் தலைமையிலான குழு வேறு வழியில் யோசித்தது. படிப்படியாகக் குறைத்து வரப்படுகிறவருக்கும், முற்றாக விடமுடியாமல் ஆனால் சிறிய, நிலையான அளவில் ஒழுங்காக வாழக்கூடியவருக்கும் வைத்தியர் மோர்பின் கொடுக்கலாம் என்று அது சொன்னது. அமெரிக்காவில் அதற்கு நேர்மாறு. 1914 இன் ஹரிசன் சட்டமும் 1919 இன் நீதிமன்றத் தீர்ப்பும் பழகியவருக்குத் தொடர்ந்து எழுதிக்கொடுப்பதைக் குற்றமாக்கின. அதே அமெரிக்காதான் எழுபது எண்பது வருடம் கழித்து மறுகோடிக்கு ஓடியது. 1980 இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஐந்தே வாக்கியக் கடிதம், வைத்தியசாலையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேரே அடிமையானதாகச் சொன்னது. வைத்தியசாலைக் கட்டிலில் சில நாள் பெற்றவர்கள் அவர்கள். வீட்டில் வருடக்கணக்காக விழுங்குபவருக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, அக்கடிதத்தை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் மேற்கோள் காட்டின. 1996 இல் ‘ஒக்ஸிகொன்ரின்’ சந்தைக்கு வந்தது. 2007 இல் அதன் கம்பனி, அடிமையாக்கும் தன்மையைக் குறைத்துக்காட்டி விற்றதை நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. அதற்குள் வடஅமெரிக்கா முழுவதும் இலட்சக்கணக்கான முதுகுகளுக்கும் முழங்கால்களுக்கும் அந்த மருந்து எழுதப்பட்டுவிட்டது.

அந்த முதுகுகளில் ஒன்று இறுப்பிட்டியுடையது. நான் நயினாதீவில் பிறந்தவன். குறிகட்டுவான் துறைக்குப் போகும் வழியில் புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒரு வீட்டில் இறங்காமல் போவதில்லை. என் வாப்பா தோளில் துணிப்பொதியோடு போய்வந்த வீடு அது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளம் போனோம். அடுத்த வருடம் அவர்களும் தீவைவிட்டுச் சிதறினார்கள். அந்த வீட்டுப் பிள்ளை கனடாவுக்குப் போய் உணவகச் சமையலறையிலும் பிறகு தொழிற்சாலையிலும் இருபது வருடம் பாரம் தூக்கினார். 2018 ஆவணியில் ஊர் வந்திருந்தபோது கண்டேன். முதுகைவிட அதிகமாக அவரை வதைத்தது வேறொன்று.

“நானா, நான் குடிகாரனே? தூள் அடிக்கிறவனே? நோவுக்குத்தானே எடுத்தனான். டொக்டர் தந்ததைத்தானே எடுத்தனான். இப்ப என்னைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாக்கினம்.”

நடந்தது இதுதான். ஒன்பது வருடமாக ஒக்ஸிகோடோன் எடுத்தவர்; அளவு நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் வரை ஏறியிருந்தது. அமெரிக்காவில் 2016 இல் புதிய வழிகாட்டல் வந்து வைத்தியர்கள் பயந்த காலத்தில், அவருடைய வைத்தியர் ஒரே மாதத்தில் பாதியாக வெட்டிவிட்டார். வியர்வை, கொட்டாவி, கழிச்சல், எலும்புக்குள் குடைச்சல், நித்திரையில்லை. முதுகு நோவு முன்னையதைவிட இரண்டு மடங்காக வந்தது. கடலில் இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்ததாகச் சொன்னார். பிறகு இன்னொரு வைத்தியர் பழைய அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கத் தொடங்கினார்.

அவர் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். திகதி, மில்லிகிராம், நித்திரை எத்தனை மணித்தியாலம், எவ்வளவு தூரம் நடந்தது என்று நிரல் நிரலாக எழுதியிருந்தார். ஓரிடத்தில் இரண்டு மாதத்துக்கு எண் மாறவில்லை. பக்கத்தில் ‘மகளின்ரை கலியாணம். குறைக்கேல்லை’ என்று எழுதியிருந்தது. வைத்தியரும் அதை ஏற்றுக்கொண்டாராம். நான் பார்த்த கடைசி எண் 25. முதுகு நோவு கூடியதா என்று கேட்டேன். கூடவுமில்லை, குறையவுமில்லை, ஆனால் தலை தெளிந்திருக்கிறது, மலம் ஒழுங்காகப் போகிறது, பேரப்பிள்ளையின் கதை விளங்குகிறது என்றார்.

இதை மருத்துவ உலகம் எப்படி விளக்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இவ்வகை மருந்துக்கு உடம்பு பழகப் பழக அதே அளவு அதே வேலையைச் செய்யாது. சிலரில் நீண்டகாலப் பாவனை நரம்பை இன்னும் கூர்மையாக்கி நோவைக் கூட்டவும் செய்கிறது. குளிசை தவறும்போது வருகிற உளைச்சல் பழைய நோவின் முகத்தோடுதான் வரும். ஆகவே நோயாளி, ‘பார், மருந்தில்லாமல் என்னால் முடியாது’ என்றே முடிவுகட்டுவார். 2018 இல் அமெரிக்காவில் முதுகு, இடுப்பு, முழங்கால் நோவுள்ள 240 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வில், இவ்வகை மருந்து பெற்றவர்கள் சாதாரண நோவு மருந்து பெற்றவர்களைவிட நன்றாக இருக்கவில்லை என்று கண்டார்கள். அப்படியானால் எல்லோருக்கும் உடனே நிறுத்திவிடலாமே என்று ஓடியவர்களுக்கும் பதில் கிடைத்தது. 2019 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், திடீரென நிறுத்துவது தற்கொலைவரை கொண்டுபோகக்கூடும் என எச்சரித்தது. 2021 இல் 113,618 பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், அளவு குறைக்கப்பட்டவர்களிடையே மிகைப்பாவனை ஆபத்தும் மன நெருக்கடியும் கூடுதலாகக் காணப்பட்டன. 2022 இல் திருத்தப்பட்ட வழிகாட்டல், ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு மாதம் பத்து வீதம் அல்லது அதைவிட மெதுவாக என்கிறது. நோயாளியின் சம்மதத்தோடு, தேவையானால் இடையில் நிறுத்தி வைத்து. வயிறு உணராதபடி என்று இமாம் சொன்னதற்கு இப்போது ஒரு வீதக் கணக்குக் கிடைத்திருக்கிறது.

இதைப் படிப்பவர் எவரும் புற்றுநோயாளியின் கையிலிருந்து மோர்பினைப் பறித்துவிடக் கூடாது. நமது நாடுகளில் பெருந்துயரம் மறுபக்கத்தில்தான் இருக்கிறது. இந்தியாவில் 1985 இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து வைத்தியசாலைகள் மோர்பின் வைத்திருப்பதையே கைவிட்டன. கத்திக் கத்திச் செத்தவர்கள் அதிகம். 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிப்பு இயக்கம் வீடுவீடாகப் போய் அந்த நிலையை மாற்றப் பாடுபட்டது. மாப்பிளா முஸ்லிம்கள் நிறைந்த மலப்புறத்தில் ஊர் மக்களே அதைத் தூக்கிச் சுமந்தார்கள். 2014 இல் சட்டமும் இளகியது. சாகும் நோவுக்கு மோர்பின் ரஹ்மத். வருடக்கணக்காக இழுக்கும் முதுகு நோவுக்கு அது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் ஒருவருக்குக் கிடைக்காமலும் மற்றவருக்கு விடாமலும் போகிறது.

பிக்ஹில் ஒரு விதி உண்டு, நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்று. அதை எல்லோரும் அறிவார்கள். அதன் தொடர்ச்சி, அந்தச் சலுகை நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மேல் போகாது என்பது. இந்தத் தொடர்ச்சியை ஒரு வைத்தியர் படித்தால், இது மருந்தின் அளவைப் பற்றியல்லவா பேசுகிறது என்பார். நிர்ப்பந்தம் குறையக் குறைய அளவும் குறைய வேண்டும். குறையாதபோது வெட்டவும் கூடாது. இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆலிமும் ஒரு டொக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.

அவர்கள் உட்காருவதற்கு நல்ல காலம் ஷஃபான் மாதம். நீண்டநேரக் குளிசை எடுப்பவர் நோன்பு பிடிப்பதானால் ஸஹரிலும் நோன்பு திறந்த பிறகும் என்று இரண்டு வேளையாக்கலாம். ஆனால் அதை வைத்தியர் முன்கூட்டியே ஒழுங்குபடுத்த வேண்டும். ஸஹரில் இரண்டைச் சேர்த்து விழுங்குவது ஆபத்து. விழுங்கச் சிரமமென்று அந்தக் குளிசையை உடைத்துப் பொடியாக்குவது அதைவிட ஆபத்து, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் இறங்கி மூச்சை அடக்கிவிடும். நமது நாட்டு நோன்பு ஏறத்தாழப் பதின்மூன்றரை மணித்தியாலம். குளிசை பன்னிரண்டு. அஸருக்குப் பிறகு மிஞ்சுகிற அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் கொட்டாவியும் வியர்வையும் வந்து, மூக்கு ஒழுகத் தொடங்குகிறவர் நோயாளி. அவருக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை அல்பகறா அத்தியாயத்தில், நோன்பு கடமையாக்கப்பட்ட அதே இடத்தில் இருக்கிறது.